கம்பளத் தூசும் உறிஞ்சுகோலும்

மன்னர் முடிசூடும் வைபவங்களை வரலாற்று நூல்கள் விரிவாக எடுத்துரைக்கும். முடியில் பதித்த மணிகள், கையில் ஏந்திய செங்கோல், சூழ்ந்து நின்ற பிரபுக்களின் வரிசை ஆகிய யாவும் அவற்றில் இடம்பெறும். அம்மன்னரின் காலடியில் விரிக்கப்பட்ட கம்பளத்தைத் துப்புரவு செய்தவர் யார் என்று அவை பெரும்பாலும் கூறுவதில்லை. 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆந் திகதி இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஏழாம் எட்வேட் மன்னர் முடிசூடினார். அவ்விழாவுக்கு முன்னர் அரியணையின் கீழ் விரிக்கப்பட்டிருந்த பெருங்கம்பளங்களில் தூசு படிந்திருக்கக் கண்டனர். அவற்றைப் பெயர்த்து வெளியே கொண்டுசென்று தட்டுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. அந்நிலையில் ஒரு புதிய இயந்திரம் வரவழைக்கப்பட்டது. அது தெருவில் நின்றது. அதன் நீண்ட குழாய்கள் மாத்திரம் உள்ளே சென்றன. குழாயின் நுனியிலிருந்த ஒடுங்கிய வாய், கம்பளத்தைப் பெயர்க்காமலே அதன் தூசை உறிஞ்சி எடுத்தது. அக்கருவி எவ்வாறு தோன்றியது, அதன் நல்லதும் தீயதும் எவ்வாறு பகுத்தறியப்பட்டன என்னும் வரலாறு, இளவரசர்களின் வரலாற்றுக்குச் சற்றும் சுவை குன்றியதன்று.

வெப்ப நாடுகளிலே பாய் விரித்து அமர்வது வழக்கம். பாயைச் சுருட்டி முற்றத்திற் கொண்டுபோய் உதறினால் தூசு போய்விடும். குளிர் நாடுகளின் நிலை வேறு. அங்கே குளிர்ந்த தரையை மறைப்பதற்குக் கம்பளி நூலால் நெய்த தடித்த விரிப்பு வேண்டும். இங்கிலாந்தில் தோமஸ் விற்றி என்பார் 1755ஆம் ஆண்டு அக்ஸ்மின்ஸ்டர் என்னும் ஊரில் கம்பள நெசவைத் தொடங்கினார். அக்காலத்தில் இரத்தினக் கம்பளம் அரண்மனைக்கும் மாளிகைக்குமே உரிய பொருளாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ, கம்பளம் நெய்யும் விசைத்தறியை அமைத்தார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் அத்தறியில் நெய்த கம்பளங்கள் வைக்கப்பட்டன. ஹலிபக்ஸ் நகரத்துக் குறொஸ்லி நிறுவனத்தார் அதன் உரிமையை விலைகொடுத்துப் பெற்றனர். விலை இறங்கியது. ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வணிகர் ஆகியோரின் வீடுகளுக்கும் கம்பளம் வந்து சேர்ந்தது.

கம்பளத்தோடு தூசும் வந்து சேர்ந்தது. நெருங்கிய நூலிழைகளின் அடியில் மணலும் மண்ணும் இறங்கித் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் குப்பையிலும் பார்க்க இவ்வாறு மறைந்து கிடக்கும் மணலே கம்பளத்திற்குக் கேடு. நடப்பவரின் கால் பட்டு அழுந்தும்போது மணலின் கூரிய விளிம்புகள் இழைகளை அடியிலே அராவி அறுக்கும். துடைப்பத்தினாற் பெருக்கினாலோ தூசு எழும்பிச் சிறிது நேரம் காற்றில் மிதந்து மீண்டும் அதே கம்பளத்தின்மீது அமரும். இடையிலே அதனைச் சுவாசிப்பவர் பெருக்கும் பணிப்பெண்.

ஆகையால் ஆண்டுக்கொருமுறை, குளிர் நீங்கி வசந்தம் பிறந்ததும், ஆணிகளைக் கழற்றிக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே சுமந்துசென்று, கயிற்றிலே தொங்கவிட்டுப் பிரம்பினாற் பின்னிய மட்டையால் அடித்தனர். ஈரக் கம்பளி பாரமானது. உலர்ந்த கம்பளியும் இலேசானதன்று. சுமப்பதும் அடிப்பதும் நாள் முழுவதும் நீளும் வேலை. அவ்வேலை வீட்டுத்தலைவியின் தோளிலோ வேலையாளின் தோளிலோ விழுந்தது.

இத்துன்பத்தைக் குறைக்க எழுந்த முயற்சிகளுள் வெற்றி கண்டது மெல்வில் பிசெல் என்பவரின் உருள்துடைப்பமாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் அவரும் அவர்தம் மனைவியார் அன்னாவும் பீங்கான் பாண்டக் கடை நடத்தினர். பாண்டங்களைப் பொதிந்து வரும் மரத்தூள் கடைக் கம்பளத்திலே சிக்கிப் பெருந்தொல்லை தந்தது. சில்லுகள் உருளும்போது தானே சுழலும் தூரிகையையும், குப்பையை ஏந்தும் பெட்டியையும் சேர்த்து அவர் அமைத்த கருவிக்கு 1876இல் ஆக்கவுரிமை கிடைத்தது. 1889இல் கணவர் மறைந்தபின் அன்னா பிசெல் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். பெண்ணொருத்தி பெருந்தொழிற்சாலையை ஆள்வது அரிதாயிருந்த அந்நாளில் அவர் அக்கருவியைக் கடல் கடந்த நாடுகளிலும் பரப்பினார். ஆயினும் உருள்துடைப்பம் மேற்பரப்பைக் கூட்டியதேயன்றி, அடியிலே தங்கிய மணலை எட்டவில்லை.

அடியில் உள்ளதை எடுப்பது எங்ஙனம்? ஊதி வெளியேற்றலாம் என்று சிலர் எண்ணினர். 1901ஆம் ஆண்டு இலண்டன் எம்பயர் இசையரங்கில் அமெரிக்கர் ஒருவர் அமுக்கக் காற்றினால் இயங்கும் பொறியொன்றைக் காண்பித்தார். அது கம்பளத்துக்குள் காற்றைப் பீறிட்டு ஊதி, எழும் தூசைப் பெட்டியொன்றில் அடைக்க முயன்றது. பாதித் தூசு பெட்டிக்குள் போயிற்று. மீதி அவையோர்மீது படிந்தது. அதனைப் பார்த்திருந்தோருள் ஹியூபேட் செசில் பூத் என்னும் இளம் பொறியியலாளரும் ஒருவர். 1871இல் குளொஸ்டர் நகரிற் பிறந்த அவர் பாலங்களையும், பொழுதுபோக்குப் பூங்காக்களின் இராட்சத இராட்டினங்களையும் வரைந்து பழகியவர். காட்சி முடிந்ததும் அவர் அப்பொறியின் உரிமையாளரை அணுகி, தூசை ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக்கூடாது என்று வினவினார். அது நடவாத காரியம் என்று விடை வந்தது.

பூத் அவ்விடையை ஏற்றுக்கொள்ளவில்லை. சில நாட்களின் பின் விக்ரோறியா வீதியிலுள்ள உணவகமொன்றில் நண்பர்களோடு அமர்ந்திருந்தபோது, பட்டுமெத்தை தைத்த நாற்காலியின் முதுகில் வாயை வைத்துப் பலமாக உறிஞ்சினார். மூச்சு அடைத்து இருமல் வந்தது, ஐயமும் தெளிந்தது. உறிஞ்சினால் தூசு வரும்; வந்த தூசை இடையிலே ஒரு துணி தடுக்குமாயின் காற்று மாத்திரம் அப்பாற் செல்லும். இவ்விரு கருத்துகளுமே அவரது ஆக்கவுரிமையின் அத்திவாரம். 1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆந் திகதியிட்ட அவ்வுரிமையே நவீன தூசுறிஞ்சிகளின் வரலாற்றுக்குத் தலைவாயில் எனலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். உறிஞ்சல் என்பது இழுக்கும் விசையன்று. பம்பி குழாயினுள் இருக்கும் காற்றைக் குறைக்கிறது. வெளியிலுள்ள வளிமண்டலக் காற்று அக்குறையை நிரப்ப விரைந்து புகுகிறது. புகும் வழியிலே தூசையும் தள்ளிக்கொண்டு செல்கிறது. எனவே தூசைக் கொண்டுசெல்வது பாயும் காற்றே. காற்று பாயாத இடத்தில் எத்துணை வலிய பம்பியும் பயன்படாது. இவ்வுண்மையை உணர்ந்தோர் நல்ல கருவியைச் செய்தனர். உணராதோர் பெரிய இயந்திரத்தைச் செய்து வாளாவிருந்தனர்.

பூத்தின் முதற் பொறி குதிரைகள் இழுக்கும் வண்டியிலே பொருத்தப்பட்டிருந்தது. பெற்றோலில் இயங்கும் ஐந்து பரிவலு எஞ்சின் ஒரு பம்பியை இயக்கியது. செந்நிறம் பூசிய அவ்வண்டி வீட்டுவாசலில் வந்து நிற்கும். சீருடையணிந்த பணியாளர் குழாய்களைச் சாளரங்களின் வழியாக உள்ளே எடுத்துச்செல்வர். இயந்திரத்தின் இரைச்சலால் வாடகைவண்டிக் குதிரைகள் மிரண்டன, வழக்குகள் எழுந்தன. எனினும் செல்வர் வீட்டு மகளிர், தோழியரைத் தேநீருக்கு அழைத்து இப்புதுமையைக் காட்டி மகிழ்ந்தனர். குழாயின் ஒரு பகுதி கண்ணாடிபோல் ஊடுதெரியும் பொருளால் அமைந்திருந்தமையால், தங்கள் வீட்டுத் தூசு ஓடிச்செல்வதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். முடிசூட்டு விழாவின் பின் அரச மாளிகைகளுக்கும் இப்பொறிகள் வாங்கப்பட்டன.

முதலாம் உலகப் போரின்போது இலண்டன் பளிங்கு மாளிகையில் கடற்படை வீரர் பெருந்தொகையினராய்த் தங்கவைக்கப்பட்டனர். அவர்களிடையே மூளைமென்சவ்வுக் காய்ச்சல் பரவியது. பூத்தின் பொறிகள் 15 வரவழைக்கப்பட்டுத் தளங்களும் தூண்களும் சுவர்களும் துப்புரவாக்கப்பட்டன. அகற்றப்பட்ட தூசின் நிறை 26 தொன் என்று குறிக்கப்பட்டுள்ளது. நோயும் தணிந்தது. அந்நோய் நெருங்கி வாழ்வோரின் மூச்சுத் துளிகளாலும் உமிழ்நீராலும் பரவுவது என்பது இன்று தெளிவு. ஆதலால் தூசு அகன்றமையாலேயே நோய் அகன்றது என்று சாதித்தல் வரலாற்று நெறியாகாது. ஆயினும் அத்துணை தூசின் நடுவே மனிதர் உறங்கிக்கொண்டிருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

பூத்தின் பொறி பெருஞ்செல்வருக்கே எட்டியது. சிறு வீட்டின் தேவை வேறு. 1905இல் பேமிங்காம் நகரத்து வால்டர் கிறிபித்ஸ் என்பவர், ஒருவரே துருத்தியை இயக்கிப் பயன்படுத்தத்தக்க சிறு கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். இதிலே குறிப்பிடத்தக்கது, வளையும் குழாயின் நுனியில் வேலைக்கேற்றவாறு மாற்றிப் பொருத்தக்கூடிய பல வடிவான வாய்முனைகள் இருந்தமையாகும். கம்பளத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று எனக் கருவியின் வாய் வேலையை நோக்கி மாறவேண்டும் என்னும் அறிவு இவ்வாறு வேரூன்றியது.

இவ்வரலாற்றில் உள்ளத்தை உருக்கும் பகுதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கன்டன் நகரைச் சேர்ந்தது. ஜேம்ஸ் மறே ஸ்பாங்க்ளர் என்பவர் அங்கே பெரிய கடையொன்றில் துப்புரவுப் பணியாளர். அகவை அறுபதை அண்மியது. ஈளைநோய் வேறு அவரை வருத்தியது. ஒவ்வோரிரவும் உருள்துடைப்பம் எழுப்பும் தூசு அவரது நெஞ்சை அடைத்தது. தொழிலை விட்டால் உணவில்லை; விடாவிட்டால் மூச்சில்லை. 1907இல் அவர் காற்றாடியொன்றின் மின்மோட்டரையும், பெட்டியொன்றையும், துடைப்பக் கைப்பிடியையும், தூசு தேங்கத் தலையணை உறையையும் சேர்த்து ஒரு கருவி அமைத்தார். அதன் வாயிலே சுழலும் தூரிகை ஒன்றையும் பொருத்தினார். தூரிகை இழைகளைத் தட்டி மணலை எழுப்ப, எழுந்ததை அக்கணமே காற்று வாரிச் சென்றது. அடிப்பதும் பெருக்குவதும் உறிஞ்சுவதும் ஒரே வாயில் ஒன்றுபட்டன. 1908ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி அவருக்கு ஆக்கவுரிமை கிடைத்தது.

தொழிலைப் பெருக்கப் பொருள் வேண்டியிருந்தது. அவர் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தோருள் சூசன் ஹூவர் என்னும் அம்மையாரும் ஒருவர். அவர் கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள் செய்பவர். மோட்டர் வாகனம் பரவியதனால் சேணத் தொழில் நலிவுறும் என்பதை உணர்ந்த அவர், 1908இல் அவ்வாக்கவுரிமையை வாங்கினார். அவர் பெயரே கருவியின் பெயராகி, ஆங்கிலம் பேசும் வீடுகளில் ஒரு வினைச்சொல்லாகவும் வழங்கலாயிற்று. ஸ்பாங்க்ளர் 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் காலமானார். அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

வீட்டுக் கருவி இவ்வாறு வளர, தொழில்முறைத் துப்புரவும் தனிக்கலையாக வளர்ந்தது. அமெரிக்கப் பெருங்கட்டடங்களில் நிலவறையிலே பம்பியை வைத்துச் சுவர்களுக்குள் குழாய்களைப் பதிக்கும் முறை பரவியது. விற்போர் பலர், ஒவ்வொருவரும் தத்தம் பொறியே சிறந்தது என்றனர். எதனைத் தெரிவது? 1913ஆம் ஆண்டு எம். எஸ். கூலி என்னும் பொறியியலாளர் இத்துறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் அமைப்பே ஒரு பாடமாகும். தேவைகளைக் கூறியதும் அவர் கம்பளத்தின்மீது செல்லும் வாய்முனையை ஆராய்கிறார். பின்னர் கைக்கோலையும், அதன்பின் நெளிகுழாயையும் ஆராய்கிறார். பம்பியைப் பற்றிய ஆராய்ச்சி அவற்றுக்குப் பின்னரே வருகிறது. விற்போர் இயந்திரத்திலிருந்து தொடங்குவர். அறிவோர் கம்பளத்திலிருந்து தொடங்குவர்.

இதன் காரணம் எளிது. வாய் மிக அகன்றால் காற்றின் வேகம் குன்றும், மணல் அசையாது. வாய் மிக ஒடுங்கிக் கம்பளத்தோடு ஒட்டிக்கொண்டால் காற்றுப் புகாது. கோலைத் தள்ளவும் இயலாது. குழாய் ஒடுங்கியும் நீண்டும் இருந்தால், உராய்வினாற் காற்றோட்டம் வழியிலேயே மெலிந்துவிடும். ஒன்றரை அங்குல விட்டமுள்ள குழாயிலும் பார்க்க இரண்டு அங்குலக் குழாயின் துவாரப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. அரை அங்குலம் என்று அலட்சியம் செய்வோர் காற்றின் பெரும்பங்கை இழக்கின்றனர்.

இரண்டாம் உலகப் போரின் பின் செயற்கை இழைக் கம்பளங்கள் பெருகின. அறை முழுவதும் சுவரோடு சுவராகப் பதிக்கப்பட்டன. அவற்றைப் பெயர்த்து வெளியே எடுத்தல் இயலாத காரியம். எனவே சுடுநீரையும் சவர்க்கார மருந்தையும் அமுக்கத்துடன் தூவி, தூவிய நீரை அழுக்கோடு உடனே உறிஞ்சியெடுக்கும் முறை தோன்றியது. 1970களில் அது தொழிலாளரிடையே வேரூன்றியது. நீராவித் துப்புரவு என மக்கள் வழங்கினும், அதிலே பாய்வது நீராவியன்று, சுடுநீரே. இம்முறையில் தொழிலாளி கையிற் பிடிக்கும் கோலை ஆங்கிலத்தில் ‘வாண்ட்’ என்பர். மந்திரவாதியின் கோலுக்கும் அதுவே பெயர். ஆனால் இக்கோலில் மாயம் எதுவும் இல்லை. உள்ளது முழுவதும் அளவும் கணக்குமே.

நல்ல உறிஞ்சுகோலின் இலக்கணங்கள் சில. அதன் தண்டு துருவேறா உருக்கினாலோ அலுமினியத்தாலோ ஆனதாய், நீரும் மருந்தும் அரிக்காததாய் இருத்தல் வேண்டும். உருக்கு உறுதியானது, அலுமினியம் பாரங் குறைந்தது. நீர் தூவும் துளைகள் விசிறிபோல் விரித்துத் தூவி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்போடு சேரவேண்டும். ஒரு துளை அடைபட்டாலும் கம்பளத்தில் அழுக்குக் கோடு எஞ்சிநிற்கும். உறிஞ்சும் உதடு தரையோடு ஒருசீராய்ப் படிய வேண்டும். ஓரம் தூக்கினால் காற்று அவ்வழியே புகும், நீர் கம்பளத்திலே தங்கிவிடும். உதட்டிலே தெபிளோன் போன்ற வழுக்குந் தகட்டைப் பொருத்தினால் கோல் எளிதாய் நகரும். கைப்பிடி தொழிலாளியின் உயரத்துக்கு ஏற்றதாயின் அவர் முதுகு வளையாது. நாளொன்றுக்குப் பன்முறை முன்னும் பின்னும் இழுபடும் கருவியில் ஓர் இறாத்தல் பாரம் குறைந்தாலும் அது மாலையில் தோளுக்குத் தெரியும்.

நீரைத் தூவுவது எளிது. திருப்பி எடுப்பதே கலை. எடுக்காது விட்ட நீர் கம்பளத்தின் அடியிலே தங்கிப் பூஞ்சணத்தையும் துர்நாற்றத்தையும் வளர்க்கும். சணல் முதுகுடைய கம்பளத்தில் பழுப்புக் கறை மேலெழும். ஆகையால் கைதேர்ந்த தொழிலாளி ஒருமுறை நீர் தூவினால், பின்னர் நீரின்றி மீண்டும் மீண்டும் உறிஞ்சுவார். கம்பளி இழைக்குக் காரமிகுந்த மருந்தும் மிகு வெப்பமும் ஆகா. செயற்கை இழை அவற்றை ஓரளவு தாங்கும். எல்லாவற்றுக்கும் முன்னர், உலர்ந்த தூசை முதலில் உறிஞ்சிவிட வேண்டும். உலர்ந்த மணல் நீரோடு சேர்ந்தாற் சேறாகும். தூசுறிஞ்சியில் வடிதுணியின் தரமும் முக்கியமானது. பூத்தின் நாளில் துணியே போதுமானதாயிருந்தது. இன்று மிக நுண்ணிய துகள்களை 10,000இல் 9,997 என்னும் விகிதத்திலே தடுக்கும் வடிகட்டிகள் உள்ளன. வடிகட்டி தரமற்றதாயின், முன்வாயால் உறிஞ்சிய தூசைக் கருவி பின்வாயால் அறைக்கே திருப்பிக் கொடுக்கும். பழைய துடைப்பத்தின் குறை புதிய இயந்திரத்திற் குடிபுகும்.

கருவி வாங்குவோர் பெரும்பாலும் வினவுவது விலை யாது, பரிவலு எவ்வளவு என்பனவே. இவ்வரலாறு வேறு வினாக்களைக் கற்பிக்கின்றது. இக்கருவி தூசை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? காற்று எவ்வழியாற் பாய்கிறது? கம்பளத்தைத் தொடும் வாய் எவ்வாறு அமைந்துள்ளது? இதனைப் பிடித்திருப்பவரின் மூச்சும் முதுகும் மாலையில் எந்நிலையில் இருக்கும்? அவற்றுள் இறுதி வினாவே முதன்மையானது. ஊதுவதை விடுத்து உறிஞ்சத் துணிந்த பூத், அவ்வினாவை உணவகத்து நாற்காலியில் தம் வாயாலேயே கேட்டறிந்தார். ஸ்பாங்க்ளர் அதனைத் தம் நெஞ்சு நோயாற் கேட்டறிந்தார். தூசைத் தாமே சுவாசித்தவர்களிடமிருந்தே தூசை அடக்கும் கருவி பிறந்தது. மாளிகையின் கம்பளம் பளபளக்கும்போது அதன் அழகை வியப்போர் பலர். அதனைத் துலக்கியவரின் இருமலுக்கும் செவிசாய்க்கும் சமுதாயமே உண்மையில் தூய்மையான சமுதாயமாகும்.